பிரெஞ்சு வினைகளும் தமிழ்ப் புணர்ச்சியும்



பிரெஞ்சு மொழியின் வினைச்சொற்களை எங்ஙனம் அசை பிரிப்பது, எங்ஙனம் ஒலிப்பது என்பதுபற்றி இன்று சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன். செட்டிநாட்டில் நெற்குப்பை என்னும் சிற்றூரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கும் பிரெஞ்சு மொழிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். இளமையில் சில ஆண்டுகள் புதுச்சேரியில் தங்கியிருந்தபோது மாலை வகுப்பில் அம்மொழியைக் கற்றேன். அதற்கு முன்னரே, சிறுவனாக இருந்தபோதே, அதன் ஓசை என் காதில் விழுந்திருந்தது. எங்கள் பக்கத்து நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கச் சென்றதை எல்லாரும் அறிவர். சைகோனுக்குச் சென்றவர்களைச் சிலரே நினைக்கின்றனர். 1862 இல் பிரெஞ்சுக்காரர் கொச்சின்சீனப் பகுதியைத் தம் குடியேற்ற நாடாக்கிய பின்னர், அங்கே லேவாதேவி நடத்தியவர்களில் நம்மவரும் உண்டு. அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் அந்நகரில் இருக்கிறது. அங்கிருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அவர் பிரெஞ்சைப் படித்தவர் அல்லர், கேட்டவர். இந்த வேறுபாடு பின்னால் நமக்குப் பயன்படும்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. மேல்நிலை வகுப்பில் தமிழை விட்டுப் பிரெஞ்சை எடுத்தால் மதிப்பெண் மிகுதியாகக் கிடைக்கும் என்ற எண்ணம் நம் நாட்டில் பரவியிருக்கிறது. அவ்வாறு எடுத்து, நூற்றுக்கு நூறை நெருங்கி மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்குமுன் என்னிடம் வந்தான். புதுச்சேரியில் மேலும் படிக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். 'பேசுதல்' என்னும் வினையை அவன் ஆறு இடங்களுக்கும் பிழையின்றி எழுதிக் காட்டினான். "தம்பி, இதை வாய்விட்டுச் சொல்" என்றேன். "பார்லெ, பார்லெஸ், பார்லென்ட்" என்றான். அவன் எழுதியது பிரெஞ்சு. சொன்னது எந்நாட்டு மொழியும் அன்று. குற்றம் அவனுடையதன்று. ஈராண்டும் ஒருவரும் அவனைப் பேசச் சொல்லவில்லை. அவன் காதுக்கு அம்மொழி எட்டவும் இல்லை.

பிரெஞ்சு அரசின் கல்வித்துறை வழங்கும் டெல்ஃப் என்னும் சான்றிதழ்த் தேர்வு வேறு வகையானது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 பெற வேண்டும். எப்பகுதியிலும் 5 க்குக் குறைந்தால் தேர்ச்சி இல்லை. எழுதத் தெரிந்தும் காது கேளாதவன் அங்கே நின்றுவிடுவான்.

இனிப் பொருளுக்கு வருவோம். தாளும் பென்சிலும் வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். 'பார்லே' என்பது பேசுதல். அதன் எழுத்துகள் பி, ஏ, ஆர், எல், இ, ஆர். இறுதியிலுள்ள ஆர் ஒலிப்பதில்லை. நிகழ்காலத்தில் நான் பேசுகிறேன் என்பதற்கு எல்லுக்குப்பின் ஓர் இ. நீ பேசுகிறாய் என்பதற்கு இ, எஸ். அவன் பேசுகிறான் என்பதற்கு மீண்டும் இ. அவர்கள் பேசுகிறார்கள் என்பதற்கு இ, என், டி. எழுத்தில் இவ்வளவு வேறுபாடு இருந்தும், நான்கிற்கும் ஒலி ஒன்றே: 'பார்ல்'. எஞ்சியவை இரண்டு. நாம் பேசுகிறோம் என்பது 'பார்-லோன்'. நீங்கள் பேசுகிறீர்கள் என்பது 'பார்-லே'. ஏட்டில் இடம் ஆறு. காதில் ஒலி மூன்று.

நான் முன்னே கூறிய சைகோன் பெரியவரிடம் இந்த ஆறு வடிவங்களையும் ஒருமுறை எழுதிக் காட்டினேன். ஆறு என்று யார் சொன்னது, மூன்றுதானே என்று அவர் வியந்தார். அவ்வளவு எழுத்தையும் எதற்காகச் சுமக்கிறார்கள் என்றும் கேட்டார். வணிகர் கேட்கவேண்டிய கேள்விதான்.

நம் மொழியில் 'பேசுகிறேன்' என்றால் 'நான்' வேண்டியதில்லை. ஈற்றில் உள்ள விகுதியே இடத்தைக் காட்டிவிடுகிறது. எழுவாய் தோன்றாது நிற்கலாம். பிரெஞ்சுக்குத் தாயாகிய இலத்தீனும் இப்படித்தான் இருந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, பிரான்சு நாட்டார் வாயில் அவ்விகுதிகள் தேய்ந்தன. எழுத்து மட்டும் பழைய மேனியோடு நின்றது. விகுதி காதில் விழாதபோது பேசுபவன் யார் என்று அறிவது எப்படி? அதனால்தான் நான், நீ, அவன் என்னும் சொற்களைப் பிரெஞ்சுக்காரர் ஒருபோதும் விடுவதில்லை. 'ஜு பார்ல்', 'த்யூ பார்ல்', 'இல் பார்ல்' என்று முன்னே ஒரு சொல் வந்தே தீரும். பிரெஞ்சு இலக்கண நூலில் இது ஒரு விதியாக மட்டும் எழுதியிருக்கும். ஆனால் தேய்ந்த ஈற்றுக்கு ஈடாக வந்த முன்சொல் என்று கண்டுகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அசை பிரிப்புக்கு வருகிறேன். யாப்பிலக்கணத்தில் நேரசை, நிரையசை படித்திருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள்: நெற்-குப்-பை, நேர் நேர் நேர், தேமாங்காய். நிரையசையில் இரண்டு உயிர் அடங்கும். பிரெஞ்சில் அது இல்லை. எத்தனை உயிர் ஒலிக்கிறதோ அத்தனை அசை. இரண்டு உயிர்களுக்கிடையே ஒரு மெய் தனித்து நின்றால், அது பின்னுள்ள உயிரோடு சேரும். இரண்டு மெய்கள் நின்றால் பெரும்பாலும் பிரிந்து, ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போகும். 'பார்-லோன்' என்பதில் ரகரம் முன்னே, லகரம் பின்னே. இவ்வளவும் நமக்குப் பழகிய வழியே. ஓரிடத்தில் மட்டும் வழி பிரிகிறது. க, ட, ப, வ போன்ற மெய்யை அடுத்து ரகரமோ லகரமோ வந்தால் அவ்விரண்டும் இணைபிரியாமல் பின் அசைக்கே போகும். 'திறத்தல்' என்பதற்கு 'ஊ-வ்ரீர்'. அதை 'ஊவ்-ரீர்' என்று பிரிப்பது தமிழ் நாக்கின் பழக்கம். தமிழ் அசை எதுவும் தனிமெய்யில் தொடங்காது ஆகையால் நாக்கு அப்படித்தான் திரும்பும். இங்கே சற்று முயற்சி தேவை.

அசை சொல்லோடு நின்றுவிடுவதில்லை என்பதே பிரெஞ்சு ஒலிப்பின் உயிர்நாடி. 'இல்' என்றால் அவன். 'ஆரீவ்' என்றால் வருகிறான். இரண்டையும் சேர்த்தால் 'இல்-ஆரீவ்' அன்று, 'இ-லா-ரீவ்'. லகரம் தன் சொல்லை விட்டு அடுத்த சொல்லின் உயிர்மேல் ஏறிக்கொண்டது. 'அவன் ஆடினான்' என்பதை 'அவனாடினான்' என்று நாம் சொல்வதில்லையா? மெய்யீற்றின்மேல் உயிர் வந்து ஒன்றுவது என்று இலக்கண ஆசிரியர் நமக்குச் சொல்லிக்கொடுத்தது இதுவே.

இன்னொன்று பாருங்கள். நான் என்னும் பொருளுடைய 'ஜு' என்பதன் ஈற்றில் ஓர் இ எழுதுவர். அது முழு உயிருமன்று, முற்றும் ஊமையுமன்று. நம் குற்றியலுகரம்போல் குறுகி ஒலிப்பது. 'காசு' என்பதோடு 'இல்லை' சேர்ந்தால் உகரம் கெட்டுக் 'காசில்லை' ஆகிறது. 'ஜு' என்பதோடு 'எம்' (விரும்புகிறேன்) சேர்ந்தால் அவ்வுயிர் கெட்டு 'ஜெம்' ஆகிறது. கெட்ட இடத்தைக் காட்ட மேலே ஒரு சிறு கொக்கி இடுவார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

உயிரும் உயிரும் நேர்ப்பட்டால் நாம் என்ன செய்கிறோம்? இடையே ஓர் உடம்படுமெய்யை வைக்கிறோம். மணியோசையில் யகரம், பூவழகில் வகரம். பிரெஞ்சில் 'அவனிடம் இருக்கிறதா?' என்று கேட்க, 'ஆ' என்னும் வினையையும் 'இல்' என்னும் பெயரையும் மாற்றி அடுக்க வேண்டும். 'ஆ-இல்' என்று சொல்ல வாய் இசையாது. நடுவில் ஒரு தகரம் வந்து 'ஆ-தீல்' ஆகிறது. 'அவன் பேசுகிறானா?' என்பது 'பார்ல-தீல்'. எழுத்திலும் அந்த டி என்னும் எழுத்தை இரு கோடுகளுக்கு நடுவே எழுதுவர். வந்த வழி வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் யகர வகரங்கள் நாவின் இயல்பால் தோன்றுபவை. அவர்களுடைய தகரமோ, இலத்தீன் காலத்திலிருந்து ஈற்றில் டி எழுத்தை வைத்திருந்த பிற வினைகளைப் பார்த்து, ஒப்புமையால் இங்கும் வந்தமர்ந்தது. செய்யும் பணி ஒன்றே.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். அவர்கள் என்பதற்கும் பிரெஞ்சில் 'இல்' என்றே ஒலி. எழுத்தில் எஸ் ஒன்று மிகும். தனித்து நிற்கையில் அது ஒலிக்காது. உயிரில் தொடங்கும் வினை அடுத்து வந்தால் உறங்கிய அந்த எஸ் விழித்துக்கொள்ளும். விழிக்கும்போது அது சகரமாக ஒலிப்பதில்லை. வண்டு முரல்வது போன்ற அதிர்வோடு ஒலிக்கும். அதற்குத் தமிழில் எழுத்தில்லை. 'ஃஸ' என்று நமக்குள் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வோம். 'இ-லெம்' என்றால் அவன் விரும்புகிறான். 'இல்-ஃஸெம்' என்றால் அவர்கள் விரும்புகிறார்கள். வினையின் ஈற்றில் எழுதியுள்ள மூன்றெழுத்தும் பன்மையைக் காதுக்குச் சொல்லவில்லை. சொல்வது இடையில் விழித்த அந்த ஓர் ஒலியே.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 'இல்-ஸோன்' என்றால் அவர்கள் இருக்கிறார்கள். 'இல்-ஃஸோன்' என்றால் அவர்களிடம் உண்டு. முன்னதில் எஸ் என்பது வினையின் முதலெழுத்து. ஆகவே தெளிந்த ஸகரம். பின்னதில் எஸ் முன்சொல்லின் ஈறு. ஆகவே அதிரும் ஒலி. பிரெஞ்சு மொழியில் மிகுதியாக வழங்கும் வினைகள் இவ்விரண்டுமே. என்னிடம் வந்த மாணவன் இவற்றைக் காதால் வேறுபடுத்த இயலாமல் திகைத்தான். சைகோன் பெரியவரோ ஒருமுறையும் தவறியதில்லை. எழுத்தறியாத பிரெஞ்சில் அவருக்கு 'இருக்கிறார்கள்' என்பதும் 'உடையவர்கள்' என்பதும் வெவ்வேறு ஓசைகள். கடன் கொடுக்கும் தொழிலில் அவ்விரண்டையும் மயங்கவிட்டால் முதலுக்கே மோசம்.

இ, என், டி என்னும் ஈறு ஊமை என்றேன். வீண் என்று சொல்லவில்லை. 'விற்கிறான்' என்பதற்கு 'இல் வான்'. அங்கே ஈற்றில் எழுதிய டி எழுத்து ஒலிப்பதில்லை. 'விற்கிறார்கள்' என்பதற்கு 'இல் வாந்த்'. 'பந்து' என்பதில் உள்ள தகரம்போல் மென்மையாக அது ஒலிக்கிறது. பின்னே நிற்கும் ஊமை எழுத்துகள் தாம் பேசாமல் தமக்கு முன்னுள்ள மெய்யைப் பேசவைக்கின்றன. 'முடிக்கிறான்' என்பது 'ஃபி-நி'. 'முடிக்கிறார்கள்' என்பது 'ஃபி-நிஸ்'. இத்தகைய வினைகளில் பன்மை காதுக்கு நன்றாகக் கேட்கும். அம்மூன்றெழுத்து பெயர்ச்சொல்லின் ஈற்றில் வந்தால் கதை வேறு. சி, ஓ, யு, வி, இ, என், டி என்னும் ஏழெழுத்தைப் பெயராகப் படித்தால் 'கூ-வான்', துறவியர் மடம். வினையாகப் படித்தால் 'கூவ்', அடைகாக்கின்றன. கண்ணுக்கு ஒரு சொல், காதுக்கு இரண்டு.

'ஓன்', 'ஆன்' என்று நான் சொல்லிவருவதில் னகரத்துக்கு நாக்கு மேலே ஒட்டக் கூடாது. உயிர் மூக்கின் வழியே செல்ல வேண்டும். இதை ஏதோ கிடைத்தற்கரிய வித்தை என்று சில பயிற்சி நூல்கள் அஞ்சவைக்கின்றன. வீட்டில் நாம் 'மரம்' என்று பேசும்போது ஈற்று மகரத்துக்கு உதட்டை மூடுகிறோமா? இல்லை. 'மரோ' என்று மூக்கொலியோடு நிறுத்துகிறோம். அதே ஒலிதான் 'பார்-லோன்' என்பதன் ஈறு. ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சைக் கற்கும் நம் பிள்ளைகள், வீட்டிலிருக்கும் பொருளை அடுத்த தெருவில் கடன் கேட்கிறார்கள். அழுத்தமும் அப்படித்தான். ஆங்கிலம் ஓர் அசையை ஓங்கி அடித்து மற்றவற்றை விழுங்கும். பிரெஞ்சு அசைகளை ஏறத்தாழச் சமமாக நடத்திச் சென்று தொடரின் கடைசி அசையில் சிறிது ஊன்றும். தமிழ் நடைக்கு இது அண்மையானது.

எழுத்து மாறும் வினைகள் சில மாணவரை மிக வருத்துகின்றன. 'வாங்குதல்' என்பதற்கு 'ஆ-ஷ-தே'. இரண்டாம் அசையில் உள்ள இ எழுத்தின்மேல் குறி எதுவும் இல்லை. 'நான் வாங்குகிறேன்' என்னும்போது அதன்மேல் இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு முளைக்கிறது, ஒலி 'ஜா-ஷெத்'. ஏன்? ஈற்று உயிர் ஊமையானதால் தகரம் முன் அசையில் வந்து அடைத்துக்கொண்டது. அடைபட்ட அசையில் அந்தக் குறுகிய உயிர் நிற்கமாட்டாது. விரிந்த எகரமாக மாறியாக வேண்டும். அதைத்தான் கோடு காட்டுகிறது. 'அழைத்தல்' என்னும் வினையில் அதே பணிக்குக் கோடு இடாமல் எல் எழுத்தை இரட்டிக்கிறார்கள்: 'ஜா-பெல்'. 'கல்லெறிந்தான்' என்பதில் நம் லகரம் இரட்டிப்பது நினைவுக்கு வரலாம். ஆனால் நம் இரட்டிப்பு ஒலியிலும் உண்டு; அவர்களுடையது எழுத்தளவே. 1990 இல் பிரான்சில் எழுத்துத் திருத்தம் வந்தபோது இத்தகைய வினைகள் பலவற்றுக்குக் கோட்டையே பொதுவாக்கினர். அழைத்தலும் எறிதலும் அவற்றின் வழிவந்த வினைகளும் மட்டும் பழைய இரட்டிப்போடு விடப்பட்டன.

எங்கள் ஊர்ப் பெயருக்கு மீண்டும் ஒரு கணம் வருகிறேன். நெல்லும் குப்பையும் சேர்ந்து நெற்குப்பை ஆயிற்று. லகரம் றகரமானதை நாம் எழுதியே காட்டிவிடுகிறோம். தமிழ் தன் புணர்ச்சியை ஏட்டில் வைத்தது. பிரெஞ்சோ பெரும்பாலும் வாயில் வைத்தது. பிரான்சிலே பள்ளிப் பிள்ளைகள் பேசுவதில் தவறுவதில்லை, எழுதுவதில் தடுமாறுவார்கள். 'பேச', 'பேசிய', 'பேசுகிறீர்கள்' என்னும் மூன்றும் அவர்கள் காதுக்கு 'பார்-லே' என்று ஒன்றாகவே கேட்பதால், ஈற்றில் எதை எழுதுவது என்று ஆசிரியரிடம் குட்டுப்படுகிறார்கள். நம் பிள்ளைகளின் நோய் இதற்கு நேர் எதிரானது. மருந்தும் எதிரானதாகவே இருக்க வேண்டும்.

புதுச்சேரி மக்கள் அம்மருந்தை அறிந்திருந்தார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களை அங்கே 'சொல்தா' என்பார்கள். அச்சொல்லின் ஈற்றில் டி எழுத்து உண்டு. பிரெஞ்சுக்காரர் அதை ஒலிப்பதில்லை. ஏட்டைப் பார்த்துப் படித்திருந்தால் 'சொல்தாத்து' என்றிருக்கும். காதால் வாங்கியதால் சரியாக வாங்கினார்கள். எதிர்த்திசையிலும் ஒருவரைச் சொல்லலாம். காரைக்காலில் இளமையைக் கழித்த ஜூலியன் வின்ஸோன் பின்னாளில் பாரிஸில் தமிழ்ப் பேராசிரியரானார், 1903 இல் தமிழ் கற்பார்க்கு ஒரு கையேடு வெளியிட்டார், உ. வே. சாமிநாத ஐயருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். நம் புணர்ச்சி விதிகளை அவர் முயன்று கற்றிருக்க வேண்டும். நமக்கோ அவை தாய்மொழியோடு வந்தவை. தமிழ் இலக்கணத்தை ஒதுக்கிவிட்டுப் பிரெஞ்சுக்குப் போகிற மாணவன், பூட்டைத் தேடிப் போகும்போது சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறான்.

பயிற்சி ஒன்று சொல்கிறேன். இருவராக அமருங்கள். ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டு எழுதத் தயாராக இருக்கட்டும். மற்றவர் 'இல்-ஸோன்', 'இல்-ஃஸோன்', 'இ-லெம்', 'இல்-ஃஸெம்', 'இல் வான்', 'இல் வாந்த்' என்னும் ஆறையும் முறை மாற்றிச் சொல்லட்டும். கேட்பவர் முதலில் பொருளை மட்டும் தமிழில் எழுத வேண்டும். பிரெஞ்சு எழுத்துகளை அதன் பின்னர் எழுதலாம். ஃஸ ஒலி வராதவர்கள் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். விரலில் அதிர்வு தெரியும்வரை விடாதீர்கள்.